12 ஜிபி திடீரென்று 4 ஜிபி ஆனது: பாம்பன் உப்புக்காற்றில் என் லேப்டாப்

போன வாரம் உச்சிப்புளியிலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, காலேஜ் சீனியர் ஒருத்தர் லேப்டாப் விக்கிறார். நீங்க வச்சிருக்கிற அதே மாடல்தான், 4 ஜிபி. எட்டாயிரம் சொல்றார். வாங்கலாமாண்ணே?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. 2019-ல் வாங்கிய இந்த மெஷினோடு பட்டதையெல்லாம் போனில் இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். ஸ்கிரீன், கீபோர்டு பற்றிக் குறை ஒன்றும் இல்லை. என் பேச்செல்லாம் மெமரி பற்றித்தான், அதாவது திறந்து வைத்த வேலையையெல்லாம் தாங்கி நிற்கும் ரேம்.

நான் பாம்பனில் மூன்று விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டீசல், ஐஸ், முன்பணம், இறால் எடை, ஆளுக்குப் பங்கு எல்லாம் எக்செல்லில். பக்கத்தில் பிரவுசரில் வானிலையும் வாட்ஸ்அப்பும் திறந்திருக்கும். வேலை இவ்வளவுதான். இதற்கே வாங்கிய ஆறாம் மாதத்தில் திணற ஆரம்பித்துவிட்டது. அட்டையில் 4 ஜிபி என்று இருந்தாலும் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்டது போகக் கைக்கு வந்தது 3.8 சொச்சம். அதிலும் பாதிக்கு மேல் விண்டோஸ் 10 எழுந்து நிற்கவே போய்விடும்.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலை. முதல் நாள் போன படகுகள் கரை சேர்ந்து, ஆட்கள் பங்குக்காக வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். எக்செல் வெளுத்துப்போய் அப்படியே நின்றது. மெமரி குறைவாக இருக்கிறது, ப்ரோகிராம்களை மூடவும் என்று ஒரு பெட்டி வந்தது. மூடலாம் என்றால் மவுஸ் நகரவில்லை. உள்ளே ஹார்டு டிஸ்க் மட்டும் கரகரவென்று ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தேன். இரண்டு படகுக் கணக்கு போனது. ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து வந்தவர்களை இன்னும் ஒரு மணி நேரம் உட்காரவைத்தேன். அது இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது.

எல்லோரும் சொன்னபடி போட்டோ, வீடியோ எல்லாம் அழித்துப் பார்த்தேன். ரேம் வேறு, டிஸ்க் வேறு. போட்டோவை அழித்தால் ரேம் கூடாது. ஆனாலும் அந்தப் பெட்டி வருவது குறைந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. ரேம் நிறைந்தால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற ஒன்றில் இறக்கி வைக்கிறது. சி டிரைவ் நிறைந்திருந்தால் அந்த ஃபைல் வளர இடம் இல்லை. ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்து முட்டும்போதுதான் அந்த எச்சரிக்கை வருகிறது. இடம் விட்டதும் பெட்டி குறைந்தது, மந்தம் குறையவில்லை. சுழலும் டிஸ்க்கில் இறக்கி ஏற்றும் வேகம் அவ்வளவுதான். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து டிஸ்க்கைத் திட்டியிருக்கிறேன். பாவம், ரேம் இல்லாத குறைக்கு அது ஓடிக்கொண்டிருந்தது.

2021 மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, எனக்கும் கணக்கு குறைவு. அப்போது ரேம் செருகக் காலியாக இருந்த ஒரே ஸ்லாட்டில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் போட்டேன். போர்டோடு ஒட்டி வந்த 4-ஐயும் சேர்த்து 12. அன்றைக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! ஐந்து வருஷக் கணக்கு ஷீட், பத்து டேப், எல்லாம் திறந்து கிடந்தும் அசையவில்லை. புது மெஷின் வாங்கியது போல இருந்தது.

அடுத்த வருஷம் வாடைக்காற்று தொடங்கி ஒரு மாதம் இருக்கும். பழைய மந்தம் திரும்பி வந்தது. வைரஸ் என்று நினைத்து ஸ்கேன் ஓட்டினேன், ஃபார்மேட் கூடப் பண்ணினேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் காட்டினால், மதர்போர்டு போய்விட்டது, மாற்ற ஒன்பதாயிரம் என்றார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. கோபத்தோடு திரும்பி வந்தேன்.

கோளாறைக் கண்டுபிடித்தது படகு வயர்லெஸ், ஜிபிஎஸ் பழுது பார்க்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். பெர்ஃபாமன்ஸ், அதில் மெமரி. மேலே 4.0 ஜிபி. கீழே ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரியில் இரண்டில் ஒன்றுதான். "8 ஜிபி கண்ணுக்கே தெரியலையேப்பா, உப்பு புடிச்சிருக்கும்" என்றார்.

பின்மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். ரேமின் இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்க, அது தானாகச் சாய்ந்து எழுந்தது. வெளிச்சத்தில் காட்டினார். தங்க நிறப் பற்கள் வரிசையில் ஓர் ஓரமாக ஏழெட்டுப் பல் மட்டும் மங்கி, மேலே பச்சையும் வெள்ளையுமாய் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகள். தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் பூச்சு மிக மெல்லிசு. அதில் நுண்ணிய ஓட்டை இருந்தால் உள்ளே இருக்கும் செம்பை உப்பும் ஈரமும் அரித்துவிடும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டிலிருந்து கடல் இருநூறு அடி, அந்த டேபிளோ ஜன்னலோரம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தார். போகாத இரண்டு புள்ளிக்கு மட்டும் பென்சில் ரப்பரை லேசாகத் தேய்த்தார். அழுத்தித் தேய்த்தால் பூச்சே போய்விடும் என்றார். திரும்ப மாட்டி ஆன் பண்ணினால் 12. வாங்கிய கூலி இருநூறு.

அன்றிலிருந்து வருஷா வருஷம் தடைக்காலத்தில் நானே இதைச் செய்கிறேன். மூன்றாம் வருஷம் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலாமல் வேகமாக ஓடும் எஸ்எஸ்டி போட்டாயிற்று. லேப்டாப் ஜன்னலோரம் இல்லை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் தூங்குகிறது. இன்றைக்கு அது ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் யாரும் நல்ல மெஷின் என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

ஆனாலும் தம்பி, நீ வாங்காதே. ஏழாம் தலைமுறை பிராசஸர், விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ரேம் விலையும் 2025 கடைசியிலிருந்து ஏறிக் கிடக்கிறது, நான் போட்ட விலைக்கு உனக்குக் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டி வைத்த 4 ஜிபியோடு ஒரு லேப்டாப்பைக் கணக்கு வேலைக்குப் போதும் என்று சொல்லி விற்றார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. என்னிடம் இருப்பதை நான் விற்கமாட்டேன், அது வேறு விஷயம்.

மனசு கேட்கவில்லை என்றால் ஒன்று செய். காசு கொடுப்பதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரில் அந்த ஸ்லாட்ஸ் வரியை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பின்மூடியைத் திறந்து காட்டச் சொல். காட்டமாட்டேன் என்றால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடு.