சந்தன நிறமா, இளநீலமா: டெல்டா வீட்டு உள்சுவருக்கு எது ஒத்துவரும்?

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கக் கிளம்பினாலே, சந்தனம், ஐவரி, பீச் என்று ஒருவர் சொல்ல, இளநீலம், சாம்பல் என்று இன்னொருவர் சொல்வார். 'வெயில் ஊர்தானே, குளிர்ந்த நிறமே இருக்கட்டும்' என்றுதான் பேச்சு பெரும்பாலும் முடியும். ஆனால் உள்சுவரில் நீலம் அடித்தால் அறையின் சூடு குறைவதில்லை. அதற்கு மொட்டை மாடியில்தான் வெள்ளை அடிக்க வேண்டும். உள்ளே நிறம் வேலை செய்வது கண்ணுக்கு, மனசுக்கு. அதனால் அறைக்குள் எந்த வெளிச்சம் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் விழாது. வருவது வானத்தின் நீல வெளிச்சம். எங்கள் வீட்டில் அப்படியொரு அறைக்குச் சாம்பல் அடித்தோம். சித்திரையில் அழகாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும், பூசி ஈரம் காயாத சிமெண்ட் சுவர் போல ஆகிவிட்டது. அம்மா பகலிலும் லைட் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார். அடுத்த முறை சந்தனம் அடித்த பிறகுதான் அந்த அறையில் பகல் என்று ஒன்று வந்தது. கும்பகோணம் பக்கத்துப் பழைய தெருக்களில் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், வெளிச்சம் முற்றத்தில் மட்டும். அந்தக் கூடங்களுக்கும் வெளிறிய சந்தனமே என் தேர்வு.

மேற்கு அறைக்குக் கதை வேறு. சாயங்கால வெயிலே ஆரஞ்சாக வரும். அதில் பீச் சுவரும் சேர்ந்தால் கண் கூசும். அங்கே இளநீலம் நிம்மதி.

ஜன்னலுக்கு வெளியே வயல் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். சம்பா பயிர் நிற்கும் மாதங்களில் சுவரில் பச்சை வெளிச்சம் விழும். சுவரும் இளம்பச்சையாக இருந்தால் பாசிக் குளத்துக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சந்தனச் சுவர் அதைத் தணித்துவிடும். அறுவடை முடிந்து வயல் வைக்கோல் நிறமாகும்போது அதே சுவர் இன்னும் மஞ்சளாகத் தெரியும். அது எனக்குப் பிடிக்கும்.

பல்பும் முக்கியம். 6500 கெல்வின் வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் சந்தனம் சோகை பிடித்தது போல இருக்கும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் இளநீலம் அழுக்கேறிய சாம்பலாகும்.

ஓதம் ஏறும் சுவரில் நீலம் பழுப்புக் கறையை அப்படியே காட்டும், சந்தனம் கொஞ்ச நாள் மறைக்கும். அதற்காகச் சந்தனம் அடிக்காதீர்கள், முதலில் ஓதத்தைச் சரி செய்யுங்கள். புதுப்பூச்சு என்றால் 28 நாளாவது காய வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூட.

சரி, இரண்டிலும் மனசு ஊசலாடினால் சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், இரவு பாருங்கள். நிறம் முழுச் சுவரில் ஷேட் கார்டைவிட அடர்த்தியாகத் தெரியும்; பிடித்ததற்கு ஒரு படி வெளிறியதையே வாங்குங்கள்.