"5 கிகாஹெர்ட்ஸ், 1.24 வோல்ட்": படத்தை நம்பிச் செயலி வாங்குவோர் கவனத்திற்கு

என்னிடமிருந்த இசட்390 தாய்ப்பலகையையும் நினைவகத்தையும் மாற்றாமல் கணினியின் வேகத்தைக் கூட்ட வேண்டும் என்பதற்காக, கடந்த மார்ச் மாதம் இணையச் சந்தை ஒன்றில் பழைய இன்டெல் கோர் ஐ9-9900கே செயலியை (கணினியின் மூளையான சிபியு சில்லை)த் தேடினேன். பலர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர் மட்டும், தம்முடையது "கோல்டன் சிப்" என்றும், அதன் எட்டுக் கோர்களும் (கணக்கிடும் பகுதிகளும்) 5.0 கிகாஹெர்ட்ஸில் வெறும் 1.24 வோல்ட்டில் அசையாமல் ஓடும் என்றும் எழுதி, செயலியின் வேகத்தையும் வோல்டேஜையும் காட்டும் சிபியு-இசட் மென்பொருளின் படத்தையும், அதன் திறனை அளக்கும் சினிபெஞ்ச் சோதனையின் மதிப்பெண் படத்தையும் இணைத்து, மற்றவர்களைவிட 120 வெள்ளி கூடுதலாகக் கேட்டார். சிங்கப்பூரின் ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்து, பேநவ் மூலம் பணத்தைச் செலுத்திவிட்டு, பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

அந்த 120 வெள்ளியை நான் ஏன் கொடுத்தேன் என்பதைச் சொன்னால்தான் ஏமாற்றம் எங்கே நிகழ்ந்தது என்பது புரியும். ஒரே ஆலையில், ஒரே வடிவமைப்பில் உருவானாலும் இரண்டு செயலிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை; ஒரே வேகத்தை எட்ட ஒன்றுக்குக் குறைந்த வோல்டேஜ் போதும், மற்றொன்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். 2018இல் வெளிவந்த 9900கே செயலியின் எல்லாக் கோர்களும் ஒருசேர இயங்கும்போது அதற்கு இன்டெல் நிர்ணயித்த அதிகபட்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ்தான். மறு ஆண்டு இன்டெல் நிறுவனமே தரமானவற்றைப் பிரித்தெடுத்து, எல்லாக் கோர்களிலும் 5.0 எட்டும் 9900கேஎஸ் என்ற தனி வகையை விற்றது. செயலி இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வதால், பத்தில் ஒரு வோல்ட் வேறுபாடுகூட வெப்பத்தில் பெரிதாகத் தெரியும். குளிரூட்டி இல்லாத அறையில் பிற்பகல் முழுவதும் கணினியை ஓட்டும் நம்மூர்க்காரர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

விற்றவர் அனுப்பிய பயாஸ் அமைப்புகளை (வேகத்தையும் வோல்டேஜையும் தீர்மானிக்கும் தாய்ப்பலகை அமைப்புகளை) அப்படியே பதிந்தேன். விண்டோஸ் திறந்தது, சிபியு-இசட் 5.0 என்றும் 1.24 என்றும் காட்டியது, எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. அந்த வாரம் தமிழ்மொழி மாத நிகழ்ச்சி ஒன்றின் ஒளிப்பதிவைத் தொகுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இரவில் ரெண்டரை, அதாவது தொகுத்ததை இறுதிக் கோப்பாக்கும் வேலையை, தொடங்கிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தபோது கணினி தானாகவே மறுதொடக்கம் ஆகியிருந்தது. மறுநாள் இரவும் அப்படியே. மூன்றாம் முறை ரெண்டர் முடிந்தது, ஆனால் கோப்பின் நடுவில் சில விநாடிகளுக்குப் படம் கட்டம் கட்டமாகச் சிதைந்திருந்தது. நிலைகுலைந்த செயலி ஒவ்வொரு முறையும் நின்று போவதில்லை; சில வேளைகளில் தவறான கணக்கைச் சரியான கணக்கைப்போலவே எழுதி வைத்துவிடுகிறது. விண்டோஸ் நிலைகுலைந்து நிற்கும்போது வரும் நீலத்திரையைவிட நான் அஞ்சுவது இதைத்தான்.

அதன் பிறகே முறையாகச் சோதித்தேன். செயலிக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை, அதை மிகுதியாகச் சூடாக்கும் ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்குக் கட்டளைகளை நிறுத்திவைத்து, சிறிய கணக்குகளுடன் ஓட்டினேன். விற்றவர் கொடுத்த அமைப்பில் அது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் நான் கவனித்தது என்னவென்றால், சும்மா இருக்கும்போது 1.24 என்று நின்ற வோல்டேஜ், சுமை ஏறியதும் 1.18க்கு இறங்கியது. மின்சுமை கூடும்போது வோல்டேஜ் இவ்வாறு தாழ்வது இயல்பு. அந்தத் தாழ்வை எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதைத் தாய்ப்பலகையின் லோட்லைன் அமைப்பு தீர்மானிக்கிறது. ஆகவே அவர் காட்டிய படம் பொய்யானதன்று. வேலை எதுவும் செய்யாமல் திரையில் நிற்பதற்கு அந்த வோல்டேஜ் போதும் என்பதை மட்டுமே அது காட்டியது. சினிபெஞ்ச் படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்: அதில் மதிப்பெண் இருந்தது, வோல்டேஜ் எங்குமே இல்லை. இரண்டு படங்களும் ஒரே அமைப்பில் எடுக்கப்பட்டவை என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போய், சுமையின்கீழ் 1.34 வோல்ட் வந்தபோதுதான் செயலி இரவு முழுவதும் பிழையின்றி ஓடியது. வேகம் மாறாத நிலையில், 1.24க்குத் தேவையானதைவிட இது ஏறக்குறைய 17 விழுக்காடு கூடுதல் மின்சாரம். மூன்று விசிறிகள் கொண்ட நீர்க்குளிர்விப்பான் இருந்தும் வெப்பம் 95 டிகிரி செல்சியஸைத் தொட்டது.

விற்றவரிடம் இதை எழுதியபோது, "அண்ணே, படத்துல இருக்குறது உண்மைதானே? உங்க போர்டு சரியில்லண்ணே" என்று பதில் வந்தது. தாய்ப்பலகைக்குத் தாய்ப்பலகை வோல்டேஜ் அளவீடு வேறுபடக்கூடும் என்பதால், அந்தப் பதிலை நான் உடனே தள்ளிவிடவில்லை. உட்லண்ட்ஸில் இருக்கும் நண்பர் ஒருவரின் உயர்தரப் பலகையில் பொருத்திப் பார்த்தோம். அங்கும் 1.33க்குக் கீழே தாங்கவில்லை. அந்த முடிவுகளைப் படமெடுத்து அனுப்பியதும் அவர் என்னைத் தடைசெய்துவிட்டார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் நானும் இதை முழுமையாகப் புரிந்துகொள்ளாமல்தான் வாங்கினேன். குறைந்த வோல்டேஜ் என்பது மட்டுமே தரத்தைச் சொல்லிவிடாது. மின்கசிவு அதிகமுள்ள சில சில்லுகள் குறைந்த வோல்டேஜில் வேகத்தை எட்டினாலும் அதிகமாகச் சுடும். கசிவு குறைந்தவை கூடுதல் வோல்டேஜ் கேட்டாலும் குளிர்ச்சியாக இருக்கக்கூடும். வெப்பம் ஏற ஏறக் கசிவும் ஏறும், நிலைத்தன்மையும் குறையும் என்பதால், குளிரூட்டிய அறையில் தேறிய அமைப்பு, ஜன்னலைத் திறந்துவைத்த வீவக அடுக்குமாடி வீட்டின் 31 டிகிரி வெப்பத்தில் தோற்றுப்போகலாம். பல ஆண்டுகள் உயர்ந்த வோல்டேஜில் ஓட்டப்பட்ட செயலி தேய்ந்து, முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதாமலும் போகலாம்.

எனவே விற்பவரிடம் வோல்டேஜ் எண்ணை மட்டும் கேட்காதீர்கள். சுமை ஓடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தின் வோல்டேஜ், வேகம், வெப்பம், ஓடிய நேரம் ஆகிய நான்கும் ஒரே திரையில் தெரியும் படத்தைக் கேளுங்கள். லோட்லைன் நிலையையும், ஏவிஎக்ஸ் வேலைகளுக்கு வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். செயலிகளைத் தரம் பிரித்து விற்ற அமெரிக்காவின் சிலிக்கன் லாட்டரி நிறுவனம், 2021இல் மூடப்படும் வரை, வேகம், வோல்டேஜ், ஏவிஎக்ஸ் குறைப்பு ஆகியவற்றைச் சேர்த்தே அறிவித்து வந்தது. கூடுதல் விலை கேட்கும் தனிநபரிடமும் அதே விவரங்களைக் கேட்பதில் தவறில்லை. முடிந்தால் அவர் வீட்டிலேயே, உங்கள் கண்முன் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் எம்ஆர்டி நிலையத்தில் பார்த்தது ஒரு பெட்டியை மட்டுமே.

பழுதான பொருள்களுக்காகச் சிங்கப்பூரில் 2012இல் நடைமுறைக்கு வந்த லெமன் சட்டம் வணிகர்களிடம் வாங்கியவற்றுக்கே பொருந்தும், தனிநபர்களுக்கு இடையிலான விற்பனைக்குப் பொருந்தாது. அந்தச் செயலியும் இன்டெல் சொன்ன 4.7 கிகாஹெர்ட்ஸில் ஒரு குறையுமின்றி ஓடுகிறது. பழுது என்று அதை யாரிடமும் காட்ட முடியாது. இப்போது அந்த வேகத்திலேயே வைத்திருக்கிறேன். நிகழ்ச்சியின் ஒளிப்பதிவை நான்காம் முறை ரெண்டர் செய்து, தொடக்கம் முதல் இறுதி வரை உட்கார்ந்து பார்த்த பிறகு, ஒன்பது நாள் தாமதமாக ஏற்பாட்டாளர்களிடம் ஒப்படைத்தேன்.