வாஷிங் மெஷின் வாங்க ஆன்லைனா, புதுச்சேரி நேரு வீதிக் கடையா?

முதலில் விலை. மொபைலில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் குறிப்பிட்ட வங்கிக் கார்டின் தள்ளுபடியையும் பழைய மெஷின் எக்ஸ்சேஞ்சையும் கழித்த தொகை. அந்தக் கார்டு இல்லாதவருக்கு அந்த விலையும் இல்லை. ‘வட்டியில்லா’ தவணையிலும் வங்கி போடும் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதோடு பிராசஸிங் கட்டணமும் சேரும். புதுச்சேரிக் கடைகளில் ஒட்டியிருக்கும் விலையோ பேரத்துக்கான தொடக்கம்தான். ஆன்லைன் விலையைக் காட்டிக் கேளுங்கள். குறைக்காவிட்டாலும் ஸ்டாண்டையாவது சேர்த்துத் தருவார்கள். ஒப்பிடும்போது மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை பாருங்கள். ஆன்லைனுக்கென்றே தனி மாடல்கள் வருகின்றன.

உண்மையான வித்தியாசம் மெஷின் வீட்டுக்கு வரும் நாளில்தான் தெரியும். ஆன்லைனில் கொண்டுவந்து இறக்குபவர் வேறு, பொருத்துபவர் வேறு. இடையில் சில நாள் ஆகலாம். பொறுக்காமல் நாமே ஓடவிட்டால் ஆபத்து: ஃப்ரண்ட் லோடில் (முன்பக்கம் கதவுள்ள மெஷின்) டிரம் ஆடாமலிருக்கப் பின்புறம் போல்ட்டுகள் (வழக்கமாக நான்கு) போட்டிருப்பார்கள். அவற்றைக் கழற்றாமல் ஸ்பின் விட்டால் மெஷின் இடம்விட்டு நகரும், உள்ளேயும் பழுதாகும். கழற்றிய போல்ட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறும்போது வேண்டும்.

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுப்பது கட்டாயம். பெரிய பொருட்களுக்குப் பல தளங்களில் பணம் திரும்பாது, மாற்றுப் பொருள் மட்டுமே. அதற்கும் நாள் கெடு உண்டு. கடலூர்க்காரர்கள் 607001 போன்ற தங்கள் பின்கோடைப் போட்டு, டெலிவரியோடு இன்ஸ்டலேஷனும் உண்டா என்று முன்பே பார்த்துவிட வேண்டும்.

எங்கே வாங்கினாலும் தண்ணீரைக் கவனியுங்கள். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஹீட்டரில் படிவு ஏறும், இன்லெட் வடிகட்டியும் அடைக்கும். பல ஃப்ரண்ட் லோடு மாடல்களுக்கு 0.3 பார் அழுத்தம் தேவை. அதாவது தொட்டி நீர்மட்டம் குழாயைவிடச் சுமார் 3 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மாடி வீட்டில் தொட்டி தலைக்கு மேலேயே இருந்தால் தண்ணீர் மெதுவாக ஏறி, மெஷின் பிழை காட்டி நிற்கும். கடையில் இதைக் கேட்டுவிட்டு வாங்கலாம். ஆன்லைனில் பயனர் கையேட்டை நீங்களே இறக்கிப் படிக்க வேண்டும்.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறோம் என்றால் வேண்டாம். வாரண்டி பில் தேதியிலிருந்துதான் தொடங்கும். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யவும் அந்த பில்தான் ஆதாரம்.

ஃப்ரண்ட் லோடு என்றால் ஆயிரம், இரண்டாயிரம் கூடினாலும் கடையே மேல். செமி ஆட்டோமேட்டிக்குக் குழாயை மாட்டினால் போதும். அதை ஆன்லைனில் தாராளமாக எடுக்கலாம்.