கீமோ நடக்கும்போது ‘ஆதரவு சிகிச்சை மையம்’ தேடிப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை முடிந்து, வாராவாரம் பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டிருந்த சமயத்தில், தன்னை ‘ஒருங்கிணைந்த புற்றுநோய் ஆதரவு மையம்’ என்று சொல்லிக்கொள்ளும் ஓர் இடம் எங்களை நன்றாக ஏமாற்றியது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் இல்லாவிட்டாலும் இந்த மாதிரி இடங்களை அடையாளம் கண்டுகொள்ளலாம், ஏனென்றால் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே வழியில்தான் போகிறார்கள். அதனால்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இவர்கள் கீமோவை நிறுத்தச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அப்போதே எழுந்து வந்திருப்போம். வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்களைப் பற்றி 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. 281 நோயாளிகள், இறப்பு அபாயம் சுமார் இரண்டரை மடங்கு, மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். இது அக்காவுக்கும் தெரியும். மையத்தில் இருந்தவரே அந்த ஆய்வை எடுத்துக் காட்டி, “நாங்க கீமோவுக்கு எதிரி இல்லம்மா, கீமோவை உங்க உடம்பு தாங்குற மாதிரி பண்றோம், அவ்வளவுதான்” என்றார். வெளிப்படையான போலி வைத்தியரைக் கண்டுபிடித்துவிடலாம். பாதி சரியாகப் பேசுகிறவரிடம்தான் சிக்கல்.

விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பெரிய திரையில் காட்டினார்கள். ‘உயிர் ரத்தப் பரிசோதனை’ என்று பெயர். சிவப்பணுக்கள் நாணயம் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. “பாருங்க, ரத்தம் கெட்டியாயிடுச்சு, நச்சு ஏறியிருக்கு” என்றார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் ரத்தம் கண்முன்னால் அப்படிக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைப் பிசையத்தான் செய்யும். அந்த அடுக்கு, தகட்டில் ரத்தம் தடிமனாகப் படிந்த இடத்திலும் உலரத் தொடங்கும்போதும் யார் ரத்தத்திலும் வரக்கூடியது. இந்தச் சோதனையை வைத்து எந்த நோயையும் கணிக்க முடியாது. எந்தப் புற்றுநோய் மருத்துவமனையும் இதை ஏற்றுக்கொள்வதில்லை. சிகிச்சை முடிவில் அதே சோதனையைத் திரும்பச் செய்து “சுத்தமான ரத்தம்” காட்டுவார்களாம். மெல்லிய படலமாக, உலர்வதற்கு முன் பார்த்தாலே போதும், அடுக்கு இருக்காது.

அதன் பிறகு வந்தது பேக்கேஜ். முழுப் பணமும் முன்கூட்டியே. ஒரு பை நிறைய டப்பாக்கள்: நரம்புக்கு அசிடைல் எல்-கார்னிடைன், ‘நச்சு நீக்க’ கிரீன் டீ சாறு அடைத்த கேப்சூல், மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் (மஞ்சளில் இருக்கும் சத்து), முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் என்ற வைட்டமின், அதிக அளவு வைட்டமின் சியும் ஈயும், லேபிளே இல்லாத டப்பாவில் ஒரு பொடி. பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, “எங்க சொந்தத் தயாரிப்பு, ஃபார்முலாவை வெளியே சொல்ல மாட்டோம்” என்றார்கள்.

பிறகு ஒன்று சொன்னார்கள். இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான். “இதை உங்க கேன்சர் டாக்டர், அந்த ஆன்காலஜிஸ்ட்கிட்ட சொல்லிக் குழப்பிக்க வேணாம்மா. அவங்களுக்கு நியூட்ரிஷன் படிப்பே கிடையாது. கேட்டா எல்லாத்தையும் நிறுத்துன்னுதான் சொல்வாங்க.” குரலில் அவ்வளவு கனிவு. மருத்துவமனையில் அவசரமாகப் பேசி அனுப்பியவர்களுக்கு நடுவில், உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். அக்காவுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அருகில் இருந்த எனக்குத் தெரியும். அதைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

பாக்லிடாக்செல் நரம்பைப் பாதிக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும். இது எல்லாருக்கும் சொல்லப்படுவதுதான். அக்காவுக்கு முதலில் லேசான ஊசி குத்தல்தான் இருந்தது. கேப்சூல் தொடங்கிய பிறகு அது ஏறிக்கொண்டே போனது. சட்டை பட்டனைப் போட முடியவில்லை. கையில் இருக்கும் சாவியைப் பையில் தேடுவாள். “விடுடா, நரம்புக்கு மருந்து சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன், சரியாயிடும்” என்றாள். மையத்துக்குப் போன் செய்தால், “நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், டோஸைக் கூட்டுங்க” என்று பதில்.

அடுத்த கீமோவுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் எகிறியிருந்தன. கீமோவைத் தள்ளிவைத்தார்கள். பாக்லிடாக்செலை உடைத்து வெளியேற்றுவது கல்லீரல்தான். அது தடுமாறினால் மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கிவிடும், நரம்புக்கும் ரத்த அணுக்களுக்கும் அடி கூடும். அப்போதுதான் மருத்துவமனை ஃபார்மசிஸ்ட் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் சாப்பிடுவது எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். பையைக் கொட்டி ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் படித்தார். கார்னிடைன் டப்பா கைக்கு வந்ததும், “இதை யாரும்மா கொடுத்தாங்க?” என்று கேட்டார். எங்களைக் குறைசொல்லும் தொனியே இல்லை. ஆனால் முகம் மாறிவிட்டது.

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து நானும் தேடிப் படித்தேன். டாக்சேன் வகைக் கீமோ (பாக்லிடாக்செல் இந்த வகைதான்) எடுத்த 409 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் அசிடைல் எல்-கார்னிடைனைச் சோதித்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குத் தினம் 3,000 மி.கி., மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. நரம்புப் பாதிப்பைத் தடுக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. 24 வாரம் கழித்துப் பார்த்தால், கார்னிடைன் எடுத்தவர்களுக்கே பாதிப்பு அதிகம். முடிவு வெளியானது 2013-இல். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் வழிகாட்டுதல் 2014-இலேயே, நரம்புப் பாதிப்பைத் தடுக்க இதைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. 2020-இல் அதையே உறுதிசெய்தது. அக்காவுக்கு நடந்துகொண்டிருந்தது அதே நோய், அதே வகைக் கீமோ. ‘புற்றுநோய் ஆதரவு நிபுணர்’ என்று பலகை மாட்டியிருப்பவருக்கு இது தெரியவில்லை என்றால் அந்தப் பலகைக்கு என்ன அர்த்தம்? தெரிந்தே கொடுத்தார் என்றால் அது அதைவிடக் கொடுமை. அக்காவின் மரத்துப்போதலில் கீமோவின் பங்கு எவ்வளவு, கேப்சூலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று மருத்துவர் நேர்மையாகச் சொன்னார். ஆனால் கொடுக்கவே கூடாததைக் கொடுத்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

கிரீன் டீ கேப்சூலும் அப்படித்தான். குடிக்கிற தேநீர் வேறு, செறிவாக்கிய சாறு வேறு. அதில் இருக்கும் ஈஜிசிஜி என்ற பொருளைச் சப்ளிமென்டாக நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்தால் கல்லீரல் என்சைம்கள் உயரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. மிளகுச் சத்து சேர்த்த குர்குமினிலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. உறிஞ்சப்படுவதைக் கூட்டத்தான் மிளகுச் சத்தைச் சேர்க்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக, கீமோவின் நடுவில், யாருக்கும் தெரியாமல்! எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு என்சைம்கள் இறங்கின.

பயோட்டின் ஆபத்தே இல்லாதது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். முடி உதிர்ந்த ஒருவரிடம் விற்க இதைவிட எளிதான பொருள் கிடையாது. அக்காவின் டப்பாவில் ஒரு கேப்சூலுக்கு 10 மி.கி. என்று போட்டிருந்தது, பெரியவர்களுக்குப் போதுமென்று சொல்லப்படும் அளவு நாளுக்கு 30 மைக்ரோகிராம். பல ரத்தப் பரிசோதனைக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தியே அளக்கின்றன. ரத்தத்தில் அது நிறைய மிதந்தால் தைராய்டு, இதயத்துக்கான ட்ரோபோனின், புற்றுநோயின் போக்கைக் காட்டும் சில கட்டிக் குறியீடுகள் தவறாக வரலாம். இதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2017-இல் எச்சரிக்கையே வெளியிட்டிருக்கிறது. இப்படி யோசித்துப் பாருங்கள்: குறியீடு பொய்யாகக் குறைந்து வந்தால், வீட்டில் எல்லாரும் மையத்துக்கு நன்றி சொல்வார்கள்.

வைட்டமின் சி டிரிப்ஸும் பேக்கேஜில் இருந்தது. அது தொடங்கும் முன்பே நாங்கள் விலகிவிட்டோம். ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ளவர்களுக்கு அதிக அளவு வைட்டமின் சியை ரத்தக் குழாயில் ஏற்றினால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படிந்து நிலைமை மோசமாகும். ஏற்றுவதற்கு முன் இரண்டையும் பார்த்தாக வேண்டும். மையத்தில் யாரும் பார்க்கவில்லை, தேதி மட்டும் குறித்துக் கொடுத்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, முதல் நாள் கையெழுத்து வாங்கிய படிவத்தை நீட்டினார்கள். ‘இவை உணவுச் சப்ளிமென்டுகள் மட்டுமே, மருத்துவ ஆலோசனை அல்ல, சொந்த விருப்பத்தில் எடுக்கிறேன்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி. வாயால் சிகிச்சை, தாளில் சப்ளிமென்ட். டோஸைக் கூட்டச் சொன்னது போனில்தான். எழுத்தில் எதுவும் கிடையாது.

இதையெல்லாம் படித்துவிட்டு இயற்கை மருத்துவம், யோகா, அக்குபங்சர் எல்லாமே பித்தலாட்டம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். அது நியாயமில்லை. பிறகு மருத்துவமனைக்குள்ளேயே இருந்த ஒருங்கிணைந்த சிகிச்சைப் பிரிவுக்கு அக்காவை அனுப்பினார்கள். அங்கே முதலில் கேட்டதே மருந்துப் பட்டியல்தான். என்ன செய்யப்போகிறோம் என்று ஆன்காலஜிஸ்டுக்குக் கடிதம் எழுதி, நகலை எங்கள் கையிலும் கொடுத்தார்கள். விற்பதற்கு ஒரு டப்பாகூட இல்லை. சோர்வுக்கு உடற்பயிற்சி, பயத்துக்கு மைண்ட்ஃபுல்னஸ் என்ற மனக் கவனப் பயிற்சி, தூக்கத்துக்கு ஆலோசகரோடு பேசிப் பழக்கங்களை மாற்றும் சிகிச்சை. இவற்றுக்குப் பின்னால் சோதித்துப் பார்த்த ஆதாரம் இருக்கிறது. ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து 2022-இல் வலிக்கும், 2023-இல் பதற்றம், மனச்சோர்வுக்கும் வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அரோமடேஸ் தடுப்பு என்ற ஹார்மோன் மாத்திரைகளால் வரும் மூட்டுவலிக்கு அக்குபங்சரை அந்த வலி வழிகாட்டுதலே பரிந்துரைக்கிறது. மரத்துப்போன விரல்களுக்கு மட்டும் அவர்கள் பெரிய வாக்குறுதி எதுவும் தரவில்லை. கீமோ அளவைக் குறைத்தார்கள். வலியும் இருந்ததால் டுலோக்சிடின் என்ற நரம்பு வலி மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். “மெதுவாத்தான் திரும்பும், சிலருக்கு முழுசாத் திரும்பாமலும் போகலாம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். அந்தப் பதிலில்தான் அக்காவுக்கு நம்பிக்கை வந்தது.

வெளியே நடத்துகிற எல்லாரும் கெட்டவர்கள் என்றும் சொல்லவில்லை. சில நாடுகளில் இயற்கை மருத்துவருக்குப் படிப்பும் உரிமமும் கட்டாயம். வேறு சில இடங்களில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். நீங்கள் போகிற இடத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “நீங்கள் கொடுக்கும் எல்லாவற்றையும் பெயர், அளவோடு என் ஆன்காலஜிஸ்டுக்கு எழுதித் தருவீர்களா?” ‘தருகிறேன்’ என்று சொல்லித் தந்தால் மேற்கொண்டு பேசலாம். பேச்சை மாற்றினாலோ, ‘அவருக்குப் புரியாது’ என்றாலோ பணம் கட்டாமல் வெளியே வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், திட்டுவார்களோ என்று பயந்து மறைக்காதீர்கள். அடுத்த கீமோவுக்கு முன்பே டப்பாக்களை அப்படியே பையோடு ஃபார்மசிஸ்டிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். லேபிள் இல்லாத பொடியையும் சேர்த்து. எதையும் தூக்கிப் போடாதீர்கள். டப்பா, பேட்ச் எண், ரசீது, வாட்ஸப் செய்தி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். எங்கள் புகாரை விசாரிப்பவர்கள் முதலில் கேட்டதும் அவற்றைத்தான். போனில் மட்டும் சொன்ன அறிவுரையை நிரூபிப்பது மிகவும் கடினமாக இருக்கிறது. அதனால் அவர்கள் எது சொன்னாலும் செய்தியாக அனுப்பச் சொல்லி வாங்கிவையுங்கள்.