சாம்பிளில் ஒரு பெட்டி, பார்சலில் வேறு பெட்டி

வெளிச்சுவரில் மாட்டும் சென்சார் கருவி ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து விற்கிறோம். இந்த எண்ணிக்கைக்குச் சொந்தமாக மோல்டு (வார்ப்பு அச்சு) போட்டால் கட்டுப்படியாகாது. ரெடிமேட் பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, வேண்டிய இடத்தில் துளை போட்டுக்கொள்வதுதான் வழி. இணையத்தில் அப்படி விற்கும் ஒருவர் எங்களுக்குச் செய்ததை, இதே வேலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

அவர் அனுப்பிய சாம்பிளில் குறையே இல்லை. கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக், மூடியைச் சுற்றிப் பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வளையம், திருகு ஏறும் இடங்களில் பித்தளை நட்டு. விவரத்தாளில் ஐபி 65 (தூசும் பீய்ச்சும் தண்ணீரும் உள்ளே போகாது), யூஎல் 94 வி-0 (தீப்பிடித்தாலும் சீக்கிரம் தானே அணையும் தரம்) என்று இருந்தது. ஆர்டருக்கு முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்.

பார்சலில் வந்தது அந்தப் பெட்டியே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். திறந்தால் பித்தளை நட்டைக் காணோம். திருகு நேராக பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. பேட்டரி மாற்ற அடிக்கடி திறக்கும் கருவியில் இது எத்தனை நாளைக்குத் தாங்கும்? மரை தேய்ந்து திருகு சும்மா சுற்றும். ரப்பர் வளையத்துக்குப் பதில் ஒட்டுகிற நுரைப் பட்டை. சர்க்யூட் போர்டைத் தாங்கும் தூண்கள் சற்றுத் தள்ளி நிற்பதால் நான்கு துளையில் இரண்டுக்குத்தான் திருகு போனது. அதாவது மோல்டே வேறு. ஆனால் கேட்டதற்கு வந்த பதில், "அதே மாடல்தான் சார், புது லாட்."

பொருளும் சந்தேகமாக இருந்ததால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டோம். ஏபிஎஸ் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது, மூழ்க வேண்டும். இது மிதந்தது. அசிட்டோன் தொட்டால் ஏபிஎஸ் இளகிப் பிசுபிசுக்கும். இதில் ஒன்றும் ஆகவில்லை. பாலிப்ரோப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும். அதில் சாதாரண ஸ்டிக்கர்கூடச் சரியாக ஒட்டாது என்பது தனி எரிச்சல். திறந்த வெளியில் தீ காட்டினால் எரிந்துகொண்டே சொட்டியது. வி-0 தரம் என்றால் சுடரை எடுத்த 10 நொடிக்குள் அணைய வேண்டும், எரியும் துளி விழக் கூடாது. எங்கள் சோதனை ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாதுதான். ஆனாலும் சொட்டிய விதத்தைப் பார்த்தபின் அந்தத் தாளை நம்ப முடியவில்லை.

பொருத்திப் பார்க்க ஒன்றில் துளை போட்டிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு, "துளை போட்ட சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று மொத்த லாட்டுக்கும் கையை விரித்துவிட்டார். சாம்பிளையும் லாட்டையும் அருகருகே வைத்து, ஸ்கேலோடு எடுத்த படங்களைப் பணம் செலுத்திய தளத்துக்கு அனுப்பிய பிறகுதான் ஒரு பகுதி திரும்பியது.

இப்போதெல்லாம் சாம்பிளின் எடையையும் தூண்களின் இடைவெளியையும் ஆர்டரிலேயே எழுதிவிடுகிறோம். பொருள் மாறினால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். உள்ளளவு கேட்டால் அடிப்பக்கத்தில் அளந்து சொல்லச் சொல்லுங்கள். மோல்டிலிருந்து கழன்று வர வேண்டும் என்பதற்காகப் பக்கச் சுவர்கள் சரிந்திருக்கும், வாயைவிட அடி குறுகல். இந்த ஆள் வாயளவைத்தான் தாளில் போட்டிருந்தார். ஐபி எண்ணும் துளை போடாத பெட்டிக்குத்தான். கேபிளுக்குத் துளைத்தால் சரியான கிளாண்ட் (கேபிளை இறுக்கித் துளையை அடைக்கும் பாகம்) போட்டு நாம்தான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

அதே படங்கள் இப்போது வேறு கடைப் பெயரில் ஓடுகின்றன. வாங்க நினைப்பவர்கள், அனுப்பப்போகும் லாட்டிலிருந்து ஒரு பெட்டியைத் திறந்து, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாளை வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். தெரிந்தவர் ஒருவர் அப்படிக் கேட்டிருக்கிறார். அதுவரை உடனுக்குடன் பேசியவர்கள் அதன்பின் பதிலே போடவில்லை.