கட்டணம் இல்லை, சாவியும் இல்லை

ஆக்ஸ்போர்டில் பதினோரு ஆண்டுகள் வசித்ததில், பல்கலைக்கழக அருங்காட்சியகம் என்றால் யாரையும் கேளாமல் உள்ளே நுழைந்துவிடலாம் என்ற நினைப்பு எனக்குள் ஊறிவிட்டது. 1683-இல் திறக்கப்பட்ட, அந்தப் பல்கலைக்கழகத்தின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் காலை 10 மணிக்குக் கதவைத் திறக்கும், கட்டணம் கிடையாது, மழைக்கு ஒதுங்கப் போய், பழைய நாணயங்களைப் பார்த்தபடி ஒரு மணி நேரத்தைக் கழித்த நாள்களும் உண்டு. அதே நினைப்போடு, இந்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, நான் படித்த பல்கலைக்கழகத்தின் காட்சிக்கூடத்திற்குப் போனேன்.

‘அனுமதி இலவசம்’ என்ற பலகைக்குக் கீழே பூட்டு தொங்கியது. “எந்த டிபார்ட்மென்ட் சார்? லெட்டர் இருக்கா?” என்றார் காவலாளி. பழைய மாணவன் என்றேன். அது கடிதம் ஆகாதாம். துறை அலுவலகத்தில் விசாரித்தால், சாவி உதவியாளரிடம் இருக்கிறது, உதவியாளர் தேர்வுப் பணியில் இருக்கிறார், தேர்வு எப்போது முடியும் என்பது தேர்வுப் பிரிவுக்குத்தான் தெரியும் என்றார்கள். எங்கள் காலத்தில் அந்தச் சாவி அலுவலகச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். பெயரை எழுதிவைத்துவிட்டு நாமே எடுத்துக்கொள்வோம். ஆணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. கட்டணம் வாங்கியிருந்தால் சீட்டுக் கொடுக்கவாவது ஒருவரை உட்கார வைத்திருப்பார்களே என்று எண்ணியபடி, வேப்பமரத்தடியில் ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருந்தேன்.

உதவியாளர் வந்து குழல்விளக்கைப் போட்டதும் என் கோபம் பாதி இறங்கியது. முதுமக்கள் தாழி ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில், கண்ணாடிக்குள் அடைபடாமல் நின்றது. நடுகல்லின் அருகே இருந்த அட்டையில் ‘வீரக்கல்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அவர் குனிந்து, வட்டெழுத்தின் மீது விரலை ஓட்டி, “தொறு மீட்டுப் பட்டான்” என்று வாசித்துக் காட்டினார். தொறு என்றால் ஆநிரை, கவர்ந்து செல்லப்பட்ட மாடுகளை மீட்கும்போது இறந்தவனின் கல் இது என்றார். அஷ்மோலியனின் அட்டைகளில் ஆண்டும் இடமும் துல்லியமாக இருக்கும். இப்படி ஒரு குரல் அங்கே எனக்கு வாய்த்ததில்லை.

அஷ்மோலியனில் இருந்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி நினைவுக்கு வந்தது. அது 1967-இல் ஏலத்தில் வாங்கப்பட்டது. தஞ்சைப் பகுதிக் கோயில் ஒன்றில் 1957-இல் எடுக்கப்பட்ட புகைப்படத்தோடு ஒத்துப்போனதால், திருப்பித் தருவதற்கு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 2024-இல் இசைந்தது. என் பிள்ளைகள் ஆழ்வாரை முதலில் கண்டது அந்த இலவசக் கூடத்தில்தான் என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு, கூச்சமும் உண்டு.

புறப்படும்போது கருத்துப் பதிவேட்டில், திறந்திருக்கும் நேரத்தைக் கதவில் எழுதி ஒட்டுமாறு கேட்டு நான்கு வரி எழுதினேன். முகவரியைப் பார்த்த உதவியாளர், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு, இதை அதில்தான் எழுத வேண்டும் என்றார். அது அலமாரிக்குள் இருந்தது. அலமாரிச் சாவி வேறொருவரிடம் இருந்தது.