மூணு மாசத்துக்கு மொத்தமா தர்ற ஏஆர்டி மாத்திரை: நாலு ஸ்டார்

ஓட்டலுக்கும் மிக்சிக்கும் ரிவ்யூ எழுதுறாங்க, நான் கவர்மெண்ட் குடுக்குற ஏஆர்டி மாத்திரைக்கு, அதாவது எச்ஐவி கிருமிய அடக்கி வைக்கிற மாத்திரைக்கு எழுதுறேன், ஏன்னா பன்னண்டு வருசமா ஒரு நாள் விடாம நான் பயன்படுத்துற பொருள் அது ஒண்ணுதான். எந்த சென்டர்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். உசிலம்பட்டி பக்கம் ஒரு ஊரு, தையல் வேலை, வீட்டுக்காரர் இல்ல, மாமியாரோட இருக்கேன். அவங்க மகன் காய்ச்சல்ல போனாருன்னுதான் இன்ன வரைக்கும் நெனச்சிட்டு இருக்காங்க, என் விசயமும் தெரியாது. இது போதும்.

2004 ஏப்ரல்ல இருந்தே இந்த கூட்டு மருந்து இலவசம்தான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா இலவச மாத்திரைய வாங்கப் போற செலவு இருக்கே, அத யாரும் கணக்குல சேக்க மாட்டாங்க. கொரோனாவுக்கு முன்னாடி மாசாமாசம் போகணும், காலைல பஸ் ஏறி மதுரை ஆரப்பாளையம், அங்கிட்டு இருந்து ஒரு டவுன் பஸ், டோக்கன், கவுன்சலர் மிச்ச மாத்திரைய எண்ணி நம்ம மருந்துக் கணக்கு இருக்குற பச்சை புக்குல எழுதுவாங்க, அப்புறம் மருந்து கவுண்டர், வீடு வந்து சேர சாயங்காலம் ஆயிரும். ஒரு நாள் தையல் கூலி போச்சு. பக்கத்துலயே லிங்க் சென்டருக்கு, அதான் ஊருக்குப் பக்கத்துல இதே மாத்திரைய குடுக்குற சின்ன சென்டருக்கு, மாத்தி விடுறோம்னு அவங்களே சொன்னாங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன், அங்க போனா வரிசையில பாதிப் பேரு நமக்குத் தெரிஞ்ச மூஞ்சியா இருக்கும். அப்ப வீட்ல சொன்னது என்னன்னா, மீனாட்சி கோயில் பக்கத்துல தையல் சாமான் கடைங்க இருந்த புதுமண்டபத்துல நூலும் பட்டனும் வாங்கப் போறேன். பொய் சொன்னா அதுக்கும் செலவு பண்ணணும்ல, வெறுங்கையோட திரும்ப முடியாது, அதனால என் வீட்ல ஜிப்பு மட்டும் மூணு வருசத்துக்குக் கெடக்கு.

2020 மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டாங்க, மறுநாள் பாத்தா தமிழ்நாட்டுல மொத கொரோனா சாவே மதுரை பெரியாஸ்பத்திரியிலன்னு டிவியில ஓடுது, எங்க ஊர்ல மதுரைன்னு பேரச் சொன்னாலே ரெண்டு அடி தள்ளி நின்னாங்க. அன்னிக்கு ராத்திரி மாமியா தூங்குன பெறகு டப்பாவ தையல் மெசின் மேல கவுத்து எண்ணுனேன். பதினொண்ணு. பஸ் இல்ல, எங்கிட்டும் போக முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா இருபத்திரெண்டு நாளைக்கு வரும்னு நானே கணக்குப் போட்டேன், நல்லவேளை கவுன்சலர் மேடத்துக்கு போன் பண்ணிக் கேட்டேன், செம திட்டு. அப்படி அரைகுறையா போட்டா கிருமி செத்தும் சாகாம மாத்திரைக்குப் பழகிரும்மா, அப்புறம் இந்த மருந்தே கேக்காது, வேற வகை மருந்துக்கு மாத்தணும், பதினொண்ணையும் தெனம் போடு, பன்னண்டாவதுக்கு நாங்க ஆச்சுன்னாங்க.

சொன்ன மாதிரி ஆச்சு. எட்டாவது நாளு ஒரு அண்ணன் பைக்குல வந்தாரு, அவரும் நம்மள மாதிரி மாத்திரை போடுறவருதான், பாஸ் வாங்கி ஊர் ஊரா குடுத்துட்டு இருந்தாரு. ஊருக்குள்ள வரவேண்டாம்ணே கம்மாக்கரைல நில்லுங்கன்னேன், ஆடு மேய்க்கிற ஒருத்தரு போற வரைக்கும் புளியமரத்தடில நின்னு போன் பேசுற மாதிரி பாவலா பண்ணிட்டு, ஜவுளிக்கடை கவர் ஒண்ண என் வண்டியில மாட்டி விட்டுட்டுப் போயிட்டாரு. மேல ஒரு ரவிக்கை பிட்டு, அடியில டப்பா. அந்த ரவிக்கை பிட்ட அவரு எங்கிட்டு புடிச்சாரோ. இதுக்கு மட்டும் தனியா அஞ்சு ஸ்டார்.

ஜூன் 24ல மதுரைக்கு மறுபடி முழு லாக்டவுன் வந்தப்ப நான் அலட்டிக்கவே இல்ல, ஏன்னா அதுக்குள்ள மூணு மாசத்துக்கு மொத்தமா குடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. திருப்பூர்ல மாட்டிக்கிட்ட என் சிநேகிதி ஒருத்தி அங்கிருக்க சென்டர்லயே புக்க காமிச்சு வாங்கிட்டா. இத்தன வருசம் கெஞ்சுனப்ப ரூல்ஸ் இல்லம்மான்னு சொன்னவங்க, ஊரே மூடுனதும் ஒரே வாரத்துல ரூல்ஸ கண்டுபுடிச்சிட்டாங்க பாருங்க, கோவமா வருது, சந்தோசமாவும் இருக்கு.

சரி, பொருளோட குறை. மூணு டப்பான்னா தொண்ணூறு மாத்திரை. எங்க வீடு ஒரே ரூமு ஒரு திண்ணை, லாக்டவுன்ல கொழுந்தன் குடும்பமும் திருப்பூர்ல இருந்து வந்து எட்டுப் பேரு. இந்த டப்பா கையில எடுத்தாலே கடகடன்னு சத்தம் போடும், பஸ்ல பக்கத்துல ஒருத்தரு பையில அந்தச் சத்தம் கேட்டா நமக்குள்ள தெரிஞ்சிரும். நான் சுத்தமான வெட்டுத்துணி ரெண்டு துண்டு உள்ள திணிச்சு சத்தத்த அடக்குனேன். உள்ள இருக்க சின்ன சிலிக்கா பைய தூக்கிப் போட்றாதீங்க, மாத்திரைக்கு ஈரம் ஆகாது. தகரக் கூரைக்குக் கீழயும் வைக்காதீங்க, நம்ம சித்திரை வெயிலுக்கு அது அடுப்பு. ஒரு டப்பா மெசின் டிராயர்ல பாபினுக்கு அடியில, மத்த ரெண்டையும் அரிசி டிரம்முல பொதைச்சு வச்சேன். மாமியா ஒழக்கால அரிசி அள்ளும்போது டப்பா வந்துருச்சு. தைராய்டு மாத்திரை அத்த, எலி இழுத்துட்டுப் போயிரும்னு வச்சேன்னேன், நம்பிட்டாங்க. ஒம்பதாவது படிக்கிற கொழுந்தன் மகன் கண்ணுல பட்ருந்தா லேபிள படிச்சு போன்ல தேடிருப்பான். அன்னிக்கே லேபிள உரிச்சேன், அதுலதான் எக்ஸ்பைரி தேதி இருக்கும், அதனால மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதி வச்சுக்கிட்டேன்.

மாத்திரை எப்படின்னா, பழையது எஃபாவிரன்ஸ் சேந்தது, ராத்திரி படுக்கும்போது போடணும், தலை கிறுகிறுக்கும், கனவு வரும் பாருங்க, சினிமா தோத்துரும். 2021ல டோலுடெக்ராவிர் சேந்த மாத்திரைக்கு மாத்துனாங்க, கனவு நின்னுச்சு, கொஞ்சம் எடை போட்டுச்சு, என் ஜாக்கெட்ட நானே பிரிச்சுத் தைச்சேன். ஒரு விசயம் மட்டும் கவனம். ரெண்டாவது அலைல வீடு வீடா ஜிங்க் மாத்திரை குடுத்தாங்கல்ல, அத இதோட ஒண்ணா முழுங்கக் கூடாது, ஜிங்கும் அல்சருக்கு குடிக்கிற டானிக்கும் இந்த மருந்த ஒடம்புல சேர விடாது. இத ரெண்டு மணி நேரம் முன்னாடி போடணும், இல்ல அதுங்கள எடுத்து ஆறு மணி நேரம் கழிச்சு. இத எனக்கு யாரும் சொல்லல, நானா கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னாங்க. அதுக்கு அரை ஸ்டார் கொறைச்சாச்சு.

மிச்ச அரை ஸ்டார் போனுக்கு. புதுசா வந்த ஒரு பையன் கூப்பிட்டு, எடுத்தது யாருன்னு கூட கேக்காம, ஏஆர்டி சென்டர்ல இருந்து பேசுறோம்ங்கிறான். எடுத்தது மாமியா. ஏத்தா, ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்து கூப்புடுறாக, வண்டிய எங்கயும் இடிச்சியான்னாங்க. லைசென்ஸ் விசயம் அத்தன்னு சமாளிச்சேன். நம்ம சம்மதம் இல்லாம இத வெளிய சொல்லக் கூடாதுன்னு 2017லயே சட்டம் போட்டாச்சு, அந்தப் பையனுக்கு யாராவது சொல்லியிருக்கணும். அப்புறம் நேர்ல போய் கத்துனேன், இப்ப துணி ரெடியான்னு கேப்பாங்க, ரெடின்னா பேசலாம், இல்லன்னா வச்சிருவாங்க. ரத்தத்துல கிருமி எவ்வளவு இருக்குன்னு பாக்குற வைரல் லோடு டெஸ்டும் கொரோனா காலத்துல ஒம்பது மாசம் தள்ளிப் போச்சு, கடைசியா எடுத்ததுல கண்டுபுடிக்க முடியாத அளவுதான், அதனால அதுக்கு ஸ்டார் கொறைக்கல.

புதுசா மாத்திரை ஆரம்பிச்சவங்க டவுட் இருந்தா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு அடிங்க, காசு ஆகாது, பேரு சொல்ல வேண்டாம். மூணு மாச சப்ளை எல்லாருக்கும் உடனே தர மாட்டாங்க, ஒழுங்கா போடுறவங்களுக்குத்தான், கேட்டு வாங்குங்க.

போன வாரம் மாமியா கேக்குறாங்க, ஏத்தா, இப்பல்லாம் மாசாமாசம் நூல் வாங்கப் போறதே இல்ல, யாவாரம் டல்லா?

புதுமண்டபத்துக் கடையெல்லாம் காலி பண்ணிட்டாக அத்தன்னேன். அது நெசந்தான்.